கிரஷர் ரோட்டில் ஓடும் பிக்கப்புக்கு ரெசின் கிட்: பிடிப்பு நல்லது, தழும்பு போகாது

கிணத்துக்கடவு பக்கம் பிக்கப் ஓட்டும் நண்பர் ஒருவர் கேட்டார்: "முன்கண்ணாடில மறுபடியும் கல்லு அடிச்சிருச்சுங்க. அந்த ரெசின் கிட்டை நம்பலாமா, இல்ல கண்ணாடியையே மாத்திரலாமா?" நம்பலாம். உடைப்புக்குள் விட்டு யூவி (புற ஊதா) ஒளியில் இறுக்கும் பிசின்தான் ரெசின். ஆனால் கிட் டப்பாவில் வராத இரண்டு பொருள்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று செலோ டேப், இன்னொன்று கெட்டி ரெசின். இரண்டில் முக்கியம் டேப்தான்.

முன்கண்ணாடி என்பது ஏறக்குறைய 2 மி.மீ. கனமுள்ள இரண்டு கண்ணாடிகள், நடுவில் 0.76 மி.மீ. பிவிபி பிளாஸ்டிக் படலம். ஜல்லி அடித்தால் பொதுவாக வெளிக்கண்ணாடி மட்டும்தான் உடையும். அந்த உடைப்புக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு ரெசினை நிரப்புவதுதான் கிட்டின் வேலை. உள்ளே ஏற்கெனவே தண்ணீரோ மண்ணோ புகுந்திருந்தால் ரெசினுக்கு இடமே கிடையாது. தண்ணீர் இன்னொரு கெடுதலும் செய்கிறது. விரிசலின் நுனியில் ஈரம் இருந்தால் கண்ணாடியின் பிணைப்பு பலவீனப்பட்டு, சாதாரணமாகத் தாங்கக்கூடிய சிறு இழுவிசைக்கே விரிசல் நகர ஆரம்பிக்கும். காலையில் பொட்டு மாதிரி இருந்தது சாயங்காலம் கோடாக நீளுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் கல் அடித்ததும் வண்டியை ஓரங்கட்டி, உலர்ந்த துணியால் லேசாகத் தட்டிவிட்டு, தெளிவான செலோ டேப்பை ஒட்டிவிடுங்கள். ஈரத்துணி வேண்டாம், வாஷர் தண்ணீர் வேண்டாம். பிரவுன் டேப் ஒட்டினால் வெயிலில் அதன் பசை இளகிப் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். ஏசி காற்றைக் கண்ணாடி மேல் அடிக்க விடாதீர்கள். வெளியே கொதிக்கும் கண்ணாடியில் உள்பக்கம் மட்டும் குளிர்ந்தால் விரிசலுக்கு அதுவே போதும். வெயிலில் நின்ற வண்டி மேல் பைப் தண்ணீர் அடிப்பதும் இதே கதைதான். பிக்கப்பில் இன்னொன்று: காலி வண்டியின் பட்டை ஸ்பிரிங் வளைந்து கொடுக்காது, குழியில் விழுந்தால் அதிர்ச்சி முழுக்க கேபினுக்கு வரும். அடைக்கும் வரை குழி ரோட்டில் மெதுவாகப் போங்கள்.

இனி அடைக்கும் வேலை. நிழலில், கண்ணாடி சூடேறாத காலை நேரத்தில் செய்யுங்கள். வெயிலில் செய்தால் யூவி பட்டு ரெசின், அதைச் செலுத்தும் ஊசியான இன்ஜெக்டருக்குள்ளேயே இறுகிவிடும், சூடான கண்ணாடியில் உறிஞ்சுக் கப்பும் பிடிக்காது. டேப்பை எடுத்துவிட்டு, குண்டூசி முனையால் உதிரிக் கண்ணாடித் தூளை மட்டும் எடுங்கள், தோண்ட வேண்டாம். ஈரம் இருக்கும் என்று சந்தேகம் வந்தால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டி, கண்ணாடி ஆறும் வரை காத்திருங்கள். லைட்டர் காட்டுவது கூடாது.

உறிஞ்சுக் கப் ஸ்டாண்டைப் பொருத்தி, இன்ஜெக்டரின் வாய் பள்ளத்துக்கு நேர் நடுவில் உட்காருகிறதா என்று உள்ளேயிருந்து பாருங்கள். அரை மில்லிமீட்டர் விலகினாலும் ரெசின் வெளியேதான் கசியும். ரப்பர் வாய் லேசாக அமுங்கினால் போதும், அதற்கு மேல் முறுக்கினால் அந்த அழுத்தத்திலேயே விரிசல் ஓடும். சில துளி ரெசின் விட்டு, முதலில் பிஸ்டனை வெளியே இழுத்துச் சில நிமிடம் காற்றை உறிஞ்ச விடுங்கள். பிறகு ஒரு நொடி திறந்துவிட்டு, உள்ளே தள்ளி அதே அளவு நேரம் அழுத்தத்தில் வையுங்கள். இப்படி மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். டார்ச் அடித்துப் பார்க்கும்போது வெள்ளியாக மினுங்கும் இடம் காற்று. நட்சத்திரமாகத் தெறித்த உடைப்பில் ஒவ்வொரு காலின் நுனியிலும் அந்த மினுக்கம் மறைந்தால்தான் வேலை முடிந்தது. அவசரப்பட்டு நிறுத்தினால் விரிசல் அந்த நுனியிலிருந்துதான் கிளம்பும். வட்டமாக, காளைக்கண் போல் விழுந்த உடைப்பு எளிது, பெரும்பாலும் முதல் சுற்றிலேயே நிறைந்துவிடும்.

பிடிப்பில் இந்த ரெசினைக் குறை சொல்ல எதுவும் இல்லை. சுத்தமாக நிரம்பிய பொட்டு ஜல்லி ரோட்டின் அதிர்வையும் பங்குனி வெயிலையும் தாங்கி அப்படியே நிற்கிறது. எரிச்சல் வருவது மேல் பள்ளத்தில்.

கல் பட்ட இடத்தில் ஒரு துணுக்குக் கண்ணாடியே பறந்திருக்கும். அந்தக் குழிக்கு ஊசிக்குள் போகும் தண்ணீர் மாதிரியான ரெசின் சரிப்படாது. வழிந்துவிடும், இறுகும்போது சுருங்கும், கடைசியில் குழி குழியாகவே நிற்கும். அதில் வைப்பர் கொண்டுவரும் தூசி தங்கி, ராத்திரி எதிர் லைட் பட்டால் நட்சத்திரமாகச் சிதறும். அந்தக் குழிக்கென்றே கெட்டி ரெசின் தனியாக உண்டு. ஒரு துளி விட்டு, மேலே பிளாஸ்டிக் படலம் வைத்து, யூவி டார்ச்சில் இறுக்கிவிட்டு, பிளேடை நேர் செங்குத்தாகப் பிடித்து வழிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் பிளேடு குழிக்குள் இருப்பதையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். மலிவான கிட்டுகளில் ஒரே ஒரு மெல்லிய ரெசின் பாட்டிலைப் போட்டுவிட்டு, அட்டையில் மட்டும் "தடமே தெரியாது" என்று அச்சடிக்கிறார்கள். கெட்டி ரெசின் போட்டாலும் உற்றுப் பார்த்தால் ஒரு தழும்பு தெரியும். பள்ளத்தை நிரப்பும் ரெசினைத் தராமல் விற்றுவிட்டுத் தடமே தெரியாது என்பது அநியாயம். ராத்திரி லோடு ஏற்றி ஓட்டுகிறவருக்கு இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

ஸ்டீயரிங்குக்கு நேர் எதிரே, பார்வை போகும் இடத்தில் பெரிய அடி என்றால் கிட்டை எடுக்காதீர்கள். கண்ணாடியின் ஓரத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் விழுந்ததற்கும் வேண்டாம், அங்கே இழுவிசை அதிகம், அடைத்தாலும் நிற்காது. உள்பக்கம் நகத்தால் தடவும்போது நெருடினால் உள் கண்ணாடியும் போயிற்று, மாற்றியே ஆக வேண்டும். கண்ணாடி முழுக்க மணல் தேய்த்த மாதிரிப் பொடிப் பொடியாக இருந்தால் எந்த ரெசினும் உதவாது.

கல்லே படாமல் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்புகிற வண்டிகளும் உண்டு. பால்பாயின்ட் பேனா முனையை விரிசல் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்காவது சின்னக் குழியில் முனை இடறினால் கல்லடி. இடறவே இல்லை என்றால் பிரேமில் துரு, மேடு, அல்லது பொருத்தியதில் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் புதுக் கண்ணாடி போட்டால் அதுவும் உடையும். மாற்றும் இடத்தில் கூடவே நில்லுங்கள். பழைய யூரித்தேன் பசையை ஒன்றிரண்டு மி.மீ. மட்டும் விட்டுச் சீவுகிறார்களா, கத்தி பட்டுப் பெயின்ட் போன இடத்தில் பிரைமர் அடிக்கிறார்களா என்று பாருங்கள். பசை இறுகும் வரை, அதற்கான நேரம் குழாயிலேயே போட்டிருக்கும், வண்டியை எடுக்க வேண்டாம். ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், கதவை அறைந்து சாத்தினால் உள்ளிருக்கும் காற்று கண்ணாடியைத் தள்ளும்.

இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் கிளெய்ம் போட்டால், கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போகும். 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறிய போனஸை ஒரு கண்ணாடிக்காக விடுவதா என்று, பிரீமியத்தில் சொந்தச் சேதப் பகுதியை (நம் வண்டியின் சேதத்துக்கான பங்கை) வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிக்கடி கல்லடி படும் தடத்தில் ஓடுகிறவருக்குப் பல சமயம் கைக்காசுதான் லாபமாக வரும்.

தார்ப்பாய் போடாமல் ஜல்லி ஏற்றி வரும் டிப்பர் மேல் வரும் கோபம் நியாயமானது. சட்டப்படி மூட வேண்டிய லோடு அது, மூடாமல் வருவது பின்னால் வருகிறவரின் கண்ணுக்கும் உயிருக்கும் ஆபத்து. லோடில் இருந்து விழுவது போக, ரோட்டில் சிந்திக் கிடப்பதை டயர் வாரி எறிவதும் உண்டு, பின் இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே சிக்கிய கல் விடுபட்டுப் பறப்பதும் உண்டு. அதனால் தார்ப்பாய் போட்ட டிப்பருக்குப் பின்னாலும் ஒட்டிப் போகாதீர்கள். காற்றில் நிற்கும் கல்லின் மேல் 80 கி.மீ. வேகத்தில் மோதுவதற்குப் பதில் 60-இல் மோதினால் அடியின் ஆற்றல் 56 சதவீதமாகக் குறைகிறது. காரணம்பேட்டை கிரஷர் பக்கமோ, புதிதாக ஜல்லி தூவிய ரோட்டிலோ இந்த இருபது கிலோமீட்டரைக் குறைப்பது எந்த ரெசினையும் விட மேல்.

ரெசின் கண்ணாடியைக் காப்பாற்றுகிறது என்று இவ்வளவு சொன்ன பிறகும், அந்த ஒற்றை பாட்டில் கிட்டை இன்னொரு முறை காசு கொடுத்து வாங்க மாட்டேன். உலோக இன்ஜெக்டர், உறிஞ்சுக் கப் ஸ்டாண்டு, மெல்லிய ரெசின், கெட்டி ரெசின், படலம், யூவி டார்ச் என்று தனித்தனியாக வாங்குங்கள். ரெசினை டேஷ்போர்டில் போட்டு வைத்தால் சூட்டில் கெட்டுவிடும், வீட்டில் குளிர்ந்த இருட்டான இடத்தில் இருக்கட்டும். வண்டியில் டேப் ரோல் போதும்.