எடை குறைக்கும் ஷேக் பவுடர்: ஒரு ஸ்டாருக்கு மேல் தர மனமில்லை

தக்கலையில் தையல்கடை வைத்திருக்கிறேன். அக்கா மகள் நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறாள். 52 கிலோ; உயரத்துக்குச் சரியான எடைதான். ரீல்ஸில் ஓயாமல் வந்த விளம்பரத்தைப் பார்த்து இந்தப் பவுடரை வரவழைத்தாள். 500 கிராம் டின் 1,899 ரூபாய். காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதில் 35 கிராம் ஸ்கூப் ஒவ்வொன்று. ஆக, ஒரு வாரத்தில் டின் காலி.

வெனிலா ருசியாம். தண்ணீரில் கலக்கினால் கட்டிகட்டியாக நிற்கிறது.

டின்னின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு ஸ்கூப்பில் 130 கலோரி, 8 கிராம் புரதம். இரண்டு வேளைக்கும் சேர்த்தே 260 கலோரி, 16 கிராம். அதிகம் உடலுழைப்பு இல்லாத பெண்ணுக்கே தினமும் 1,660 கலோரியும் சுமார் 46 கிராம் புரதமும் வேண்டும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. மீதியை மதியச் சோறு ஒன்றே ஈடுகட்டுமா? "சித்தி, பஸ்ஸில நிக்கும்போ கண்ண இருட்டிட்டு வருது" என்றாள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இந்த நிலையில் பிள்ளைகளைப் பட்டினி போடச் சொல்வது அநியாயம்.

விளம்பரத்தின் 'முன்–பின்' படங்களை என் தொழில் கண்ணோடு பார்த்தேன். 'பின்' படத்தில் சுடிதாரின் பக்கத் தையல் இடுப்பருகே முதுகுப் பக்கமாக இழுபட்டிருக்கிறது. அங்கே பூ டிசைன் பாதியில் மடங்கி மறைகிறது. பின்னால் துணியைச் சுருட்டி கிளிப் போட்டால்தான் அப்படி வரும். இளைத்தது உடம்பில்லை, துணி.

முன்பெல்லாம் கடைக்குத் தைக்க வருகிறவர்கள் போனில் கழுத்து டிசைன் காட்டுவார்கள். இப்போது நடிகையின் இடுப்பைக் காட்டி, "அக்கா, இப்படி வரணும்" என்கிறார்கள். ஃபிஜியின் நட்ரோகா பகுதிக்கு 1995-ல்தான் தொலைக்காட்சி வந்தது. 1998-ல் விசாரித்தபோது, எடை குறைக்க வாந்தியெடுத்ததாகச் சொன்ன பள்ளி மாணவிகள் 11 சதவீதம். 1995-ல் அப்படி ஒருத்தியும் சொல்லவில்லை. அங்கே டிவி, இங்கே கைக்குள்ளேயே போன்.

சோறு, கிழங்கு, தேங்காய் மூன்றுக்கும் விளம்பரத்தில் சிவப்புப் பெருக்கல்குறி போட்டிருக்கிறார்கள். மரச்சீனியில், அதாவது மரவள்ளிக்கிழங்கில், புரதம் குறைவு என்பது உண்மைதான். நாம் அதை வெறுமனே தின்கிறோமா? கூடவே சாளை (மத்தி மீன்) கறி இருக்கிறதே! 100 கிராம் சாளையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. இந்த மாவில் இரண்டு ஸ்கூப் போட்டாலும் அவ்வளவு வராது. "மக்ளே, முதல்ல வயிறு நெறயச் சாப்பிடு" என்று தட்டை வைத்தேன். இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறாள், கிறக்கம் நின்றிருக்கிறது.

எடை உண்மையிலேயே கூடுதலாக இருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டரைப் பாருங்கள். இன்னொன்று: சீல் உடைத்த டின்னை இந்த கம்பெனி திரும்ப எடுக்காது. பணம் கட்டும் முன்பே யோசியுங்கள்.