மதுரையில் அப்பாவுக்கு ஒரு பயிற்சியாளர் தேடியபோது

இந்த முறை ஊருக்குப் போனபோது கல்யாண வீடுகளையும் துணிக்கடைகளையும் தள்ளி வைத்துவிட்டு ஒரே வேலையை முதலில் எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. மாத்திரை மட்டும் கூடிக்கொண்டே போகிறது, நடை குறைந்துகொண்டே வருகிறது. வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி சொல்லித் தரவும், சாப்பாட்டை ஒழுங்குபடுத்தவும் மதுரையில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு கேட்கிறார்கள், நம்பி ஒப்படைக்கலாமா என்று பார்க்க வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து இதே கவலையோடு ஊருக்குப் போகிறவர்கள் நிறைய பேர் இருப்பார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது சிங்கப்பூரில். அங்கே 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரே கிளினிக்கில் பதிவு செய்துகொண்டால், அந்த மருத்துவரே மாத்திரையோடு நடை, உணவு, தடுப்பூசி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு திட்டம் போட்டுத் தருகிறார். மதுரையில் இந்தச் சேவைகள் எல்லாமே உண்டு. சில விஷயங்களில் சிங்கப்பூரை விட வேகம், விலையும் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியை வீட்டில் யாராவது ஒருவர் நிரப்பினால்தான் கொடுக்கிற பணத்துக்குப் பலன் கிடைக்கும்.

முதலில் ரத்தப் பரிசோதனை. குறை சொல்ல எதுவுமே இல்லை. காலை ஆறரைக்கு ஒரு தம்பி வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார், மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் அறிக்கை வந்துவிட்டது. அப்பாவின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.4 சதவீதம். தாளில் சிவப்பு எழுத்தில் இருந்தது, ஆனால் அதற்கு என்ன செய்வது என்று சொல்ல ஆள் இல்லை. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போனால் கூட்டத்துக்கு நடுவே சில நிமிடம்தான் கிடைக்கிறது. "நடங்க, அரிசியைக் குறைங்க" என்றார். இதை அப்பா பதினெட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுத்து ஒரு பெரிய ஜிம். பெயர் வேண்டாம். உள்ளே போனதும் எடை, கொழுப்பு எல்லாம் ஒரு இயந்திரத்தில் பார்த்துவிட்டு, ஆறு மாதப் பேக்கேஜ், புரதப் பவுடர், கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை என்று பட்டியலை நீட்டினார்கள். அப்பா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதை ஒரு சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அப்பா சாப்பிடுவது மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. சாப்பாட்டைத் திடீரென்று குறைத்து, பயிற்சியையும் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். எழுபதைத் தாண்டியவர் குளியலறையில் மயங்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். மாத்திரைச் சீட்டைக் கேட்காத பயிற்சியாளரிடம் வயதானவரை ஒப்படைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உறவினர் ஒருவர் ஆன்லைனில் நடக்கும் 'சர்க்கரையிலிருந்து விடுதலை' வகுப்பைப் பரிந்துரைத்தார். சேர்ந்த முதல் வாரத்திலேயே மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். எடை குறைந்தால் சிலருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வரும் என்பது உண்மைதான். 2017-ல் வெளியான பிரிட்டனின் 'டைரக்ட்' (DiRECT) என்ற ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருடத்தில் அப்படி நடந்தது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் 65 வயதுக்குட்பட்டவர்கள், சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர்கள். அதைப் பதினெட்டு வருடச் சர்க்கரைக்காரருக்கு அப்படியே பொருத்திக் காசு வாங்குவது அநியாயம்.

கடைசியில் சரியான ஆள் கிடைத்தது அண்ணா நகரில், பக்கத்துத் தெரு மாமி சொல்லித்தான். பிசியோதெரபி படித்துவிட்டு வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கும் இளைஞர். முதல் நாள் அவர் ஒரு பயிற்சியும் செய்யச் சொல்லவில்லை. மாத்திரைகளை எல்லாம் மேசையில் பரப்பச் சொன்னார். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உண்டா என்று கேட்டார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். இடது கால் பெருவிரலில் அப்பாவுக்குத் தெரியவில்லை.

"ஐயா, கோயிலுக்குப் போறீங்களா?"

"வெள்ளிக்கிழமை தவறாம போவேன் தம்பி."

"ஆடி வீதியில வெயில் ஏறின பிறகு வெறுங்காலோட நடக்காதீங்க. கல்லு சுடுறது உங்க காலுக்குத் தெரியாது. விடியக்காலம் போயிட்டு வந்துருங்க."

போகாதீர்கள் என்று சொல்லாமல், போகும் நேரத்தை மாற்றச் சொன்னாரே, அதில்தான் அப்பா அவரை ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

கடைசியாகக் கண் விழித்திரையை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். நினைவில்லை. விழித்திரையில் முற்றிய சர்க்கரைப் பாதிப்பு இருந்தால், மூச்சை அடக்கிக் கனமாகத் தூக்கும் பயிற்சி ரத்தக்கசிவை உண்டாக்கலாம், அதனால் அதைப் பார்க்காமல் எடை கொடுக்க மாட்டேன் என்றார். அரவிந்த் கண் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. 1976-ல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம் இன்று எவ்வளவு பெரிதாகிவிட்டது! கூட்டம் இருந்தும் ஒவ்வொரு கட்டமும் தடையில்லாமல் நகர்கிறது. காத்திருந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில் ஆரம்ப நிலைப் பாதிப்புதான், மிதமான பயிற்சிக்குத் தடையில்லை என்றார்கள்.

அப்புறம்தான் உண்மையான தொடக்கம். நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழ வேண்டும். அப்பாவுக்குப் பதினேழு விநாடி ஆனது. ஆசியர்களுக்கென 2019-ல் வகுத்த அளவின்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். அந்தத் தசையே கரைந்துகொண்டிருக்கும்போது வெறும் நடை மட்டும் போதாது என்று அப்பாவுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார். நாற்காலியில் எழுந்து உட்காருதல், சுவரில் கை வைத்துத் தண்டால், குதிகாலை உயர்த்தி இறக்குதல், ரப்பர் பட்டையை இழுத்தல், வாசற்படி ஏறி இறங்குதல். அவ்வளவுதான். ஜிம் சாமான் எதுவும் வாங்கவில்லை. தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் குளுக்கோமீட்டரில் ஒரு துளி. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு குளுக்கோஸ் பொட்டலம்.

நடைக்கு அவர் சொன்ன நேரம் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம். காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானம் வரை போக வேண்டியதில்லை, வீட்டு மாடியே போதும். மாலையில் வேண்டுமானால் வண்டியூர் தெப்பக்குளம். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளத்தை ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது அந்தக் காற்றில் நடப்பது தனிச் சுகம். நடப்பவர்கள் முடித்தவுடன் கை நீட்டும் தூரத்தில் எண்ணெய்ப் பலகாரக் கடைகள் இருப்பதுதான் வருத்தம்.

சாப்பாட்டு விஷயத்தில் இரண்டு பேரைப் பார்த்தோம். முதலாமவர் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். ஓட்ஸ், புரோக்கோலி, கிரீக் தயிர். அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். இரண்டாமவர் ஒரு பெண்மணி. "வீட்ல யாரு சமைக்கிறது? அவங்க வரலைன்னா நான் பேசி என்ன பிரயோஜனம்?" என்று அப்பாவைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார். அம்மாவும் அண்ணியும் எதிரில் உட்கார, ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச்சு எங்கள் வீட்டு அடுப்படியைச் சுற்றியே நடந்தது.

அப்பா மதியம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை சோறு போட்டுக்கொள்வார். ஒவ்வொரு முறையும் கரண்டி தாராளமாகவே விழும். அந்தப் பழக்கத்தை உணவு ஆலோசகர் மாற்றவில்லை. சோற்றை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் அளந்து தட்டில் வைத்துவிடுங்கள், அதையே அவர் மூன்றாகப் பிரித்துச் சாப்பிடட்டும் என்றார். சோற்றுக்கு முன்பே கீரையும் பொரியலும் பாதி தீர்ந்திருக்க வேண்டும். காலையில் ஐந்து இட்லி மூன்றாகி, பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பாரும் ஒரு முட்டையும் சேர்ந்தன. நாலு மணி முறுக்கு போய்க் கொண்டைக்கடலைச் சுண்டல் வந்தது. கேழ்வரகுக் கூழ் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தார். மாவாக அரைத்துக் கூழாய்க் காய்ச்சினால் அதுவும் வேகமாகவே சர்க்கரையை ஏற்றும், கேழ்வரகும் தானியம்தான், சோற்றோடு சேர்த்தே கணக்கு வையுங்கள் என்று ஆலோசகர் பக்குவமாகச் சொன்னார். உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதால் அப்பளமும் ஊறுகாயும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போயின.

"என்னைக் கூப்பிட்டு இப்படி ஒருத்தரும் சொன்னதில்லையே" என்றார் அம்மா, வெளியே வந்ததும். பதினெட்டு வருடமாக அப்பாவுக்குச் சமைத்துப் போடுகிறவர் அவர். இத்தனை மருத்துவர்களில் ஒருவர்கூட அவரை உள்ளே அழைத்துப் பேசியதில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனம் பொறுக்கவில்லை. சர்க்கரைக்கான வாழ்க்கைமுறை மாற்றம் நடக்கும் இடம் அடுப்படி. அங்கே நிற்பவரைச் சேர்க்காத ஆலோசனைக்கு எவ்வளவு கட்டணம் கொடுத்தாலும் வீண்.

காய்கறிக்கு அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது இங்கேதான். விடிந்ததும் போனால் பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, பிஞ்சு அவரை எல்லாம் ஈரம் காயாமல் கிடைக்கும். சிங்கப்பூரில் ஒரு கட்டு கீரைக்குக் கொடுக்கும் காசில் வாரம் முழுக்கக் கீரை.

இந்த மாதிரிப் பயிற்சியால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையிலிருந்து நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையின் எல்லையில் இருந்த 531 பேரைப் பின்தொடர்ந்தார்கள். நடையும் உணவு மாற்றமும் மட்டுமே நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மினுக்குச் சமமாக. இது எல்லையில் இருப்பவர்களுக்கான கணக்கு, அப்பாவுக்கானது அல்ல. எனக்கும் அண்ணனுக்கும் உரியது. 2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. அண்ணனும் அதே பயிற்சியாளரிடம் பேசியிருக்கிறார்.

அரசு சேவையையும் சொல்லியாக வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் அக்கா ஒருவர் எங்கள் தெருவுக்கு வருகிறார். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் எதிர்வீட்டுப் பாட்டிக்குப் பிசியோதெரபியும் மாத்திரையும் வீட்டிலேயே, காசில்லாமல் கிடைக்கின்றன. நாங்கள் தனியாரிடமே போய்க்கொண்டிருந்ததால் இதைக் கவனித்ததே இல்லை. அந்த அக்கா அப்பாவின் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். காசு கொடுத்து வாங்கும் சேவைகளில் அந்த அக்கறையை எல்லா இடத்திலும் பார்க்க முடியவில்லை.

எல்லோரையும் இணைக்க நாங்கள் செய்தது ஒரு நோட்டுப் புத்தகம். பயிற்சியாளர் அன்றைய பயிற்சியையும் முன்பின் சர்க்கரை அளவையும் எழுதுவார், அண்ணி சாப்பாட்டை எழுதுவார். அதோடு மருத்துவரிடம் போனபோது, அதே சில நிமிடத்தில் அவர் புரட்டிப் பார்த்துவிட்டுக் கிளிமிபிரைடை இரண்டு மில்லிகிராமிலிருந்து ஒன்றாகக் குறைத்தார். கையில் எழுத்து இருந்தால் அந்த அவசரத்திலும் அவரால் முடிவெடுக்க முடிகிறது.

கட்டணம் கேட்பவர்களுக்கு: பயிற்சியாளர் வாரம் மூன்று நாள் வர மாதம் ஏழாயிரம் ரூபாய், உணவு ஆலோசகர் ஒரு சந்திப்புக்கு அறுநூறு. நாங்கள் கொடுத்தது இவ்வளவு, இடத்துக்கு இடம் மாறும். பிசியோதெரபி, உணவியல் படித்தவர்களை 2021-ன் மத்தியச் சட்டம் ஒரு வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஜிம் பயிற்சியாளர் என்று பலகை மாட்டிக்கொள்பவர்கள் அதில் வருவதில்லை. எனவே வயதானவர்களுக்குப் படிப்பைக் கேட்டுத்தான் ஆள் வைக்க வேண்டும். ஊர் போய் இறங்கிய முதல் வாரத்திலேயே ஆளை வைத்துவிடுங்கள். நாம் கிளம்புவதற்குள் அவர் வீட்டோடு பழகியிருக்க வேண்டும்.

நான் கிளம்பும்போது அப்பா பதினான்கு விநாடியில் எழுந்து உட்கார்ந்தார். அடுத்த ஹெச்பிஏ1சி மூன்று மாதம் கழித்துத்தான். சிவப்பணுக்களின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால் அதற்கு முன் பார்த்தால் முழு மாற்றமும் தெரியாது. மதுரையில் இந்தச் சேவை செய்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு முறை, தமிழில், அரைப் பக்கத்தில் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஓர் அறிக்கை அனுப்புங்கள். அதற்குத் தனியாகக் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள், மனதாரக் கொடுப்போம்.