“ஜெயின் மீல் போட்டாச்சு மேடம்”: முந்திரி அலர்ஜி உள்ள பிள்ளையோடு கப்பலில் போகிறவர்கள், பணம் கட்டும் முன் படியுங்கள்

பொங்கல் முடிந்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்து, கோபத்தில் எழுதினால் வெறும் திட்டாகத்தான் வரும் என்று தள்ளிக்கொண்டே போனேன். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் மே மாத லீவுக்கு சிங்கப்பூர் க்ரூஸ் பேக்கேஜ் எங்கே நல்லது என்று தெரிந்தவர்கள் வரிசையாகக் கேட்கிறார்கள். அதில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு அலர்ஜி இருக்கிறது. இனியும் சும்மா இருந்தால் தப்பு.

என் பையனுக்கு ஆறரை வயது. முந்திரி ஆகாது. ஆகாது என்றால் வயிற்றைப் பிசைவது, லேசாக அரிப்பது மாதிரி இல்லை. இரண்டு வயதில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ பாசத்தில் ஒரு விள்ளல் காஜு கத்லியை வாயில் வைத்துவிட, பத்தே நிமிடத்தில் முகம் வீங்கி, மூச்சு இழுத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிஸ்தாவும் முந்திரியும் ஒரே குடும்பம் என்பதால் அதுவும் கூடாது. வேர்க்கடலை சாப்பிடுவான், அது பயறு வகை, வேறு கதை. அலர்ஜி முற்றி மூச்சு இழுக்கும்போது உடனே போட வேண்டிய எபிபென் என்ற அட்ரினலின் பேனா ஊசி நம்ம ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்காது. அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகள் வரும்போதெல்லாம் வாங்கி வருவாள். எப்போதும் இரண்டு என் தோள்பையில் இருக்கும்.

டிசம்பரில் அரையாண்டு லீவுக்கு சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய்த் திரும்பும் மூன்று இரவுக் கப்பல். நான், கணவர், பையன், மாமியார். சென்னையில் ஓர் ஏஜென்ட் மூலமாகப் புக் செய்தோம். பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. முதல் போன் பேச்சிலேயே நான் சொன்னது அலர்ஜியைத்தான், விலையை இல்லை. “மேடம், கவலையே படாதீங்க, ஸ்பெஷல் மீல் போட்டுடலாம், எவ்ளோ குழந்தைங்களை அனுப்பியிருக்கோம்” என்றார். அந்த ஸ்பெஷல் மீலுக்கு 6,000 ரூபாய் தனியாக வாங்கினார். டாக்டர் கடிதத்தின் ஸ்கேனை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, கட்டைவிரல் பொம்மையும் வந்தது. அப்புறம் ஒரு நாள், “ஜெயின் மீல் போட்டாச்சு மேடம், அதுதான் ரொம்ப சுத்தம்” என்று ஒரு மெசேஜ்.

அந்த இடத்திலேயே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. ஜெயின் என்றால் வெங்காயம், பூண்டு, கிழங்கு கிடையாது, அவ்வளவுதானே, கூடுதலாகப் பத்தியமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். புக்கிங் பேப்பர் பி.டி.எஃப். வந்தது. பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் சரிபார்த்தேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த உணவு வரியைப் படிக்கவில்லை. என் பங்குத் தப்பு அது, ஒப்புக்கொள்கிறேன்.

சிங்கப்பூர் மரீனா பே முனையத்தில் பை ஸ்கேன் ஆகும்போதே முதல் அடி. “சின்ன ரைஸ் குக்கர் எடுத்துட்டுப் போங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்று இதே ஏஜென்ட் சொல்லியிருந்தார். கப்பலில் சூடு ஏற்றும் எந்த மின்சாமானும் கூடாது, கெட்டில், அயர்ன் பாக்ஸ் கூட. தீப்பிடித்துவிடும் என்ற பயம், நியாயம்தான். குக்கரை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அத்தை பார்த்துப் பார்த்து அரைத்த பருப்புப்பொடி டப்பாவும் போயிற்று, வீட்டில் செய்ததற்கு அனுமதி இல்லையாம். சீல் உடைக்காத பிஸ்கட் பாக்கெட்டுகளை விட்டார்கள். குக்கரைக் கடைசி நாள் திருப்பித் தந்தார்கள், பொடி வரவில்லை. அத்தைக்கு இன்றுவரை அந்த டப்பாதான் துக்கம்.

முதல் இரவு டைனிங் ரூமில் உட்கார்ந்தோம். வெயிட்டர் லிஸ்டைப் பார்த்துவிட்டு, மூடி போட்ட ஒரு தட்டைப் பையன் முன்னால் தனியாக வைத்தார். “ஸ்பெஷல் மீல் ஃபார் யூ, சார்” என்று அவனைப் பார்த்துச் சிரித்தார், அவனுக்கு ஒரே பெருமை. நட்ஸ் இல்லையே என்று கேட்டேன். “ஸ்பெஷல் மீல் மேடம், யுவர் ரிக்வெஸ்ட்” என்றார். அதை நான் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டேன். இத்தனைக்கும் அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த பேப்பரில் அப்படித்தான் இருந்தது, அவர் சொன்னதற்கும் நான் கேட்டதற்கும் சம்பந்தமே இல்லை, அவ்வளவுதான்.

சாதம், சப்பாத்தி, வெள்ளையாக ஒரு கோஃப்தா க்ரேவி. சப்பாத்தியை அதில் தொட்டு இரண்டு வாய் சாப்பிட்டான். மூன்றாவது வாய்க்குக் கை போகவில்லை. நாக்கை மேல் பல்லில் வைத்து வைத்துத் தேய்த்தான். அவனுக்கு அரித்தால் அப்படித்தான் செய்வான், எனக்குத் தெரியும். “அம்மா, காதுக்குள்ள அரிக்குது” என்றான். நான் தண்ணீரைக் கொடுக்கும்போதே கீழ் உதடு ஒரு பக்கமாகத் தடித்துவிட்டது, கழுத்தில் திட்டுத்திட்டாகச் சிவப்பு, அப்புறம் இருமல். நாய் குரைப்பது மாதிரி ஒரு வறட்டு இருமல் வரும் பாருங்கள், அது. அடுத்து மேஜையிலேயே வாந்தி.

கணவர் செடிரிசின் சிரப் எங்கே என்று பையைத் துழாவினார். சிரப் அரிப்புக்குத்தான், மூச்சை அது காப்பாற்றாது. ஊசியை எடுத்து, பேன்ட்டைக் கூடக் கழற்றாமல் தொடையின் வெளிப்பக்கம் அழுத்தினேன். அவனுக்கு 19 கிலோ, அதனால் 0.15 மில்லிகிராம் ஊசி. மனதுக்குள் எண்ணியது நினைவிருக்கிறது, சத்தமாகவே எண்ணினேனாம், அத்தை சொன்னார். நான்கைந்து நிமிடத்தில் இருமல் தளர்ந்தது. அதற்குள் சக்கர நாற்காலியோடு ஆள் வந்து, கீழ்த்தளத்து மருத்துவ அறைக்குக் கொண்டுபோனார்கள். அடங்கினாலும் சில மணி நேரத்தில் இன்னொரு முறை கிளம்பலாம் என்று டாக்டர் ஆறு மணி நேரம் அங்கேயே படுக்க வைத்தார். பையன் கார்ட்டூன் பார்த்தான். நான் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பில் 487 டாலர், அமெரிக்க டாலர். ரூபாயில் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. கேபின் கார்டிலேயே ஏற்றிவிடுவார்கள், இறங்கும் நாள் மொத்தமாகக் கட்ட வேண்டும்.

மறுநாள் காலை ஹெட் வெயிட்டர் வந்து, கையில் இருந்த பேப்பரைக் காட்டினார். பையன் பெயருக்கு நேராக இரண்டே வார்த்தை: ‘இந்தியன் ஜெயின்’. அலர்ஜி என்ற கட்டத்தில் ஒன்றுமே இல்லை. முந்திரியைப் பற்றிக் கப்பலுக்கு ஒரு வரி கூடப் போகவில்லை. அந்த 6,000 ரூபாயைப் பற்றிக் கேட்டதற்கு அவர் விழித்தார். உணவு மாற்றித் தருவதற்குக் கப்பல் ஒரு பைசா வாங்குவதில்லை.

எனக்கு உறைக்க வைத்தது சமையலறையில் வேலை செய்யும் ஒரு பையன், நாகர்கோவில் பக்கம். நாங்கள் தமிழில் புலம்புவதைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தான். “அக்கா, ஜெயின் மீல்னு யார் சொன்னது உங்களுக்கு? வெங்காயம் போட முடியாதுல்ல, அப்புறம் க்ரேவி எப்படிக் கெட்டியாகும்? முந்திரியை ஊறவெச்சு அரைச்சுத்தான் ஊத்துவோம்.” ஒரு நிமிடம் எனக்குப் பேச்சே வரவில்லை. இருபது வருடமாகச் சமைக்கிறேன், எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? குருமா கெட்டியாக வீட்டில் முந்திரி அரைத்து ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள்தானே. அலர்ஜிக்கு மருந்து என்று அந்த ஏஜென்ட் எழுதிக் கொடுத்தது, அந்த அலர்ஜியையே அரைத்து ஊற்றிய சாப்பாட்டை.

அவன் இன்னும் சொன்னான். இந்தியன் கவுண்டரில் பனீர் பட்டர் மசாலா, நவரத்ன குருமா, மலாய் கோஃப்தா எதுவானாலும் அண்டா அண்டாவாகச் செய்து வைத்த ஒரே அடிப்படை க்ரேவியிலிருந்துதான் வரும், அதில் முந்திரி இருக்கும். பஃபேயில் கரண்டி மாறிக்கொண்டே இருக்கும், பக்கத்துப் பாத்திரத்துக் கரண்டியைப் பருப்பில் விட்டு எடுக்காத ஆள் கிடையாது. வீகன் என்று பச்சை இலை போட்ட சீஸிலும் க்ரீமிலும் முந்திரிதான் நிறைய. பாஸ்தாவுக்கு ஊற்றும் பச்சை பெஸ்டோ சாஸிலும் பைன் கொட்டைக்குப் பதிலாக முந்திரி போடுவது உண்டு. வெளிநாட்டுக் கப்பலில் நமக்குப் பழகிய இந்தியச் சாப்பாடுதான் பத்திரம் என்று ஓடுகிறோமே, முந்திரி அலர்ஜிப் பிள்ளைக்கு அதுதான் முதல் ஆபத்து.

அதன் பிறகு மீதி நேரம் நன்றாகவே போயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹெட் வெயிட்டர் இரவே மறுநாள் மெனுவைக் கொண்டுவந்து காட்டுவார், நாங்கள் குறித்துக் கொடுப்பதைத் தனிப் பாத்திரத்தில் செய்து மூடி அனுப்புவார்கள். வெறும் சாதம், வேகவைத்த பருப்பு, காரட், பழம். பினாங்கில் இறங்கி ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் இட்லி வாங்கினோம், சட்னியில் என்ன அரைத்திருப்பார்களோ என்று தொடவே விடாமல் சர்க்கரை தொட்டுக் கொடுத்தேன். எட்டு இட்லி சாப்பிட்டான், கடைக்காரர் எண்ணிச் சிரித்தார். இந்த ஏற்பாட்டை முதல் நாள் மதியமே கேட்டிருந்தால் செய்திருப்பார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆகவே ஏஜென்ட் மூலமாகவே புக் செய்தாலும், உணவு விஷயத்தை மட்டும் நீங்களே கப்பல் கம்பெனிக்கு நேரடியாக எழுதுங்கள். அதற்கென்று அவர்களிடம் படிவம் உண்டு, கிளம்ப ஒன்றரை இரண்டு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். பதில் மெயிலில் ‘அலர்ஜி’ என்ற சொல்லும் ‘முந்திரி’ என்ற சொல்லும் இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். ‘ஸ்பெஷல் மீல் கன்ஃபர்ம்ட்’ என்பது பதிலே இல்லை. ஏறிய உடனே, நீச்சல் குளத்துக்கு ஓடும் முன், டைனிங் ரூமில் ஹெட் வெயிட்டரைப் பிடித்து டாக்டர் கடிதத்தின் பிரதியைக் கையில் கொடுங்கள். வெயிட்டரிடம் நட்ஸ் இருக்கா என்று கேட்காதீர்கள், இந்தக் குழம்பைக் கெட்டியாக்க எதை அரைத்துப் போட்டீர்கள் என்று கேளுங்கள். அப்புறம் ஊசி தோள்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் கேபின் வாசலில் வைப்பார்கள். எங்கள் பெட்டி வந்தது இரவு ஏழு மணிக்கு. ஊசி அதற்குள் இருந்திருந்தால் என்று நினைக்கவே விரும்பவில்லை.

இன்ஷூரன்ஸ் கதையையும் கேளுங்கள். பேக்கேஜோடு சேர்த்து அந்த ஏஜென்டே பாலிசி எடுத்தார். ஏற்கெனவே உள்ள நோய் என்ற கேள்விக்கு எங்களைக் கேட்காமலே ‘இல்லை’ என்று டிக் அடித்திருக்கிறார். க்ளெய்ம் போட்டோம், மறைத்துவிட்டீர்கள் என்று நிராகரித்துவிட்டார்கள். பாலிசிப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள், ஐந்து நிமிட வேலை.

திரும்பி வந்து ஏஜென்ட் ஆபீசுக்குப் போனோம். உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, “கடவுள் புண்ணியத்துல குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே மேடம், அதை நினைச்சு சந்தோஷப்படுங்க” என்றார். ஜெயின் மீல் போட்டதை நான் ஒத்துக்கொண்டேனாம், மெசேஜுக்கு ‘ஓகே, தேங்க்ஸ்’ என்று பதில் போட்டிருக்கிறேனாம். போட்டிருக்கிறேன், உண்மைதான். அதற்கு மேலே டாக்டர் கடிதம் இருக்கிறதே என்று காட்டினேன். அது இமேஜ் டவுன்லோட் ஆகவில்லை என்றார். கட்டைவிரல் பொம்மை எப்படி வந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பத்து நாள் கழித்து 6,000 ரூபாய் மட்டும் கூகுள் பேயில் வந்தது, மருத்துவச் செலவுக்குப் பேச்சே இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். ஏஜென்ட் தரப்பிலிருந்து பதில் வரவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சேவைக்கு நாம் கட்டிய பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. வாட்ஸ்அப் பேச்சை முழுசாக எக்ஸ்போர்ட் செய்து, கப்பல் டாக்டரின் அறிக்கை, பில், ஹெட் வெயிட்டர் காட்டிய பேப்பரின் போட்டோ எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். இந்த மாதிரி அனுபவம் யாருக்காவது வந்தால் முதலில் போட்டோ எடுங்கள், அழுகையெல்லாம் கேபினுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஏஜென்டின் எண்ணை நான் இன்னும் பிளாக் செய்யவில்லை, ஆதாரத்துக்கு வேண்டும். அதனால் அவர் ஸ்டேட்டஸ் தினமும் கண்ணில் படுகிறது. நேற்றுப் போட்டிருந்தது மே மாதக் கப்பல் பேக்கேஜ், நீலக் கடல் படத்துக்குக் கீழே: “குழந்தைகளுக்கு ஸ்பெஷல் மீல், ஜெயின் உணவு ஏற்பாடு உண்டு.”