வீட்டுவரி இணையதளம்: கட்டுவது சுலபம், கணக்கைப் பார்ப்பதுதான் வேலை

சென்னை தவிர்த்த மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் சொத்துவரி கட்ட ‘டிஎன் அர்பன் இ-பே’ தளம் இருக்கிறது. பணம் கட்டும் வசதி என்ற அளவில் நல்ல சேவை. ஊரைத் தேர்ந்தெடுத்து, வரிவிதிப்பு எண்ணைக் கொடுத்தால், அரையாண்டு வாரியாக நிலுவை வந்துவிடும். யுபிஐ, கார்டு, நெட் பேங்கிங் எதிலும் கட்டலாம்.

முதல் தடுமாற்றம் ஊர்ப் பெயரில். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகள் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டன. பழைய ரசீதில் நகராட்சி என்று இருந்தாலும் இப்போது தாம்பரத்தைத்தான் எடுக்க வேண்டும்.

தேதி முக்கியம். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டாலும், விதிகளோடு நடைமுறைக்கு வந்தது 2023-இல்தான். அதன்படி ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் அந்த அரையாண்டு வரியில் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். அரையாண்டுக்கு 2,400 ரூபாய் கட்டும் வீட்டுக்கு 120 ரூபாய் மிச்சம். இழுத்தடித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் தனிவட்டி ஏறும். குடிநீர், பாதாளச் சாக்கடைக் கட்டணங்கள் தனிக் கணக்கு. வீட்டுவரி கட்டியதும் எல்லாம் தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது.

நிலுவைத் தொகை சரியா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும், குறிப்பாகப் பரப்பளவை. சென்னைக்கு வெளியே 2022 சீராய்வில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று வரி உயர்ந்தது. 1,190 சதுர அடி வீடு பதிவேட்டில் 1,210 என்று ஏறியிருந்தால், 20 அடிக்காக உயர்வு 50-இலிருந்து 75 சதவீதமாகிவிடும், அது ஒவ்வொரு அரையாண்டும் தொடரும். கட்டட அனுமதி வரைபடத்தை வைத்து ஒப்பிடுங்கள். குடியிருப்பு, வணிகம் என்ற பயன்பாட்டு வகையையும் பாருங்கள். கீழ்த்தளத்துக் கடையை மூடி வீடாக்கிய பின்னும் வணிக வரியே ஓடிக்கொண்டிருக்கலாம். புதிதாக வீடு கட்டியவர்கள் காலிமனை வரி எண் முடிக்கப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். இல்லையேல் ஒரே இடத்துக்கு இரண்டு வரி நிற்கும்.

இந்தத் திருத்தங்களுக்கு வரைபடம், பத்திர நகல், கடைசி ரசீது இணைத்து ஆணையருக்கு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குவதே பலமான வழி. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது எங்கும் பதிவாகாது.

கணக்கில் பணம் போய் ரசீது வராவிட்டால் உடனே மறுபடி கட்ட வேண்டாம். வங்கிப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் நிலுவையைத் திறந்து பாருங்கள். குறையாமல் இருந்தால் அந்த எண்ணோடு வருவாய்ப் பிரிவை அணுகுங்கள். ஏப்ரல் 30 அன்று கட்டினால் இந்த ஒரு நாள் அவகாசம் கிடைக்காது; 25-ஆம் தேதிக்குள் முடித்துவிடுங்கள்.