மடக்கு வாக்கரும் கமோடு நாற்காலியும்: கொல்லைப்புறம் வரை கொண்டுபோய்ச் சேர்க்குமா?

டெல்டாவில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊர்களில், வாசலை ஒட்டியே நாலு சர்ஜிக்கல் கடை இருக்கும். டிஸ்சார்ஜ் அன்று மகனோ மருமகனோ ஓடிப்போய் வாங்கிவருவது பெரும்பாலும் இரண்டு பொருள்கள்: அலுமினிய மடக்கு வாக்கர், இருக்கையில் துளையும் அடியில் வாளியும் உள்ள கமோடு நாற்காலி. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவருக்கும் இவைதான், நிமோனியாவில் பத்து நாள் படுத்துக் கிடந்தவருக்கும் இவைதான். இரண்டையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் இங்கே பார்க்கிறோம். இரவு 2 மணிக்குப் பெரியவர் கட்டிலை விட்டு எழுந்து, யாரையும் எழுப்பாமல் கழிவறைக்குப் போய்த் திரும்ப இவை உதவுமா?

முதலில் வாக்கர். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கிறது. எடை இரண்டு, மூன்று கிலோதான். கடையில் மூன்று வகை காட்டுவார்கள். சக்கரமே இல்லாதது ஒன்று. தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், ஆனால் வைத்த இடத்தில் நிற்கும். முன்கால் இரண்டிலும் சக்கரம் உள்ளது இன்னொன்று. மூச்சு வாங்குபவர்களுக்கும், தூக்கத் தெம்பில்லாதவர்களுக்கும், பார்கின்சன் நோய் உள்ளவர்களுக்கும் ஏற்றது. மூன்றாவது, இடமும் வலமும் மாறி மாறி முன்னே நகரும் வகை. கையில் எடுத்துப் பார்க்க லேசாக இருப்பதால் பலர் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். புதிதாக எழுந்து நிற்பவருக்கு இது வேண்டாம். சட்டம் கோணிக்கொண்டே நகர்வதால், உடம்பின் பாரத்தை முழுக்க அதன்மேல் போட முடியாது. லாக் பட்டன் உள்ள இரட்டை உபயோக மாடலாக இருந்தால், லாக் போட்டு நிலையாக்கிக் கொண்டு பயன்படுத்தலாம். இடுப்பு, முழங்கால் ஆபரேஷன் ஆனவருக்கு எது என்பதை, காலில் எவ்வளவு பாரம் போடலாம் என்று சொன்ன டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

கடையிலேயே விரித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்க வேண்டும். சமதரையில் வைத்து எதிரெதிர் மூலைகளை அழுத்தினால் ஆடக்கூடாது. நான்கு கால்களிலும் உயரம் மாற்றும் பட்டன் துளைக்கு வெளியே முழுதாகத் துருத்தி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பாதி வெளியே வந்த பட்டன், பாரம் ஏறும்போது உள்ளே போய்விடும், அந்தக் கால் மட்டும் சட்டென்று இறங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் அலுமினியத்துக்கு அதிகம் ஒன்றும் ஆகாது. பட்டனுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு ஸ்பிரிங்தான் துருப்பிடித்து இறுகும். கடற்கரை ஊர்க்காரர்கள் மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைப்பது நல்லது.

எங்கள் கண்ணில் அதிகம் படும் தவறு உயரம். கடைக்காரர் கொடுத்த உயரத்திலேயே வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். பெரியவரை வழக்கமான செருப்போடு நிமிர்ந்து நிற்க வைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டின் மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, கைப்பிடி அங்கே வர வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை 15 முதல் 30 டிகிரி வரை மடங்கியிருக்கும். தாழ்ந்துபோனால் கூன் போட்டு நடப்பார், பார்வை தரையிலேயே இருக்கும். உயர்ந்துபோனால் தோள் ஏறி நின்று, கைக்கு அழுத்தும் பலமே வராது.

நடக்கும் வரிசை இது: வாக்கர், பலவீனமான கால், பிறகு பலமான கால். வாக்கரை ஒரு எட்டுக்கு மேல் தள்ளி வைக்கக் கூடாது. முன்குழாயில் முட்டும் அளவுக்கு உள்ளே போகவும் கூடாது. போனால் பின்பக்கமாகச் சாய்வார். எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழுவதுதான் வீடுகளில் நாம் பார்க்கும் வழக்கம். அது ஆளோடு சேர்ந்து கவிழும். நாற்காலிக் கையையோ கட்டில் விளிம்பையோ ஊன்றி எழுந்து, நின்ற பிறகே கை வாக்கருக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால் கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும். படுக்கையிலிருந்தவருக்கு, அதிலும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு, எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

இத்தனை சரியாக இருந்தும் வாக்கர் மூலையில் சாத்தி வைக்கப்படுவது ஏன் என்றால், அது ஆஸ்பத்திரித் தரைக்குச் செய்த பொருள். டெல்டாவின் பழைய ஓட்டு வீட்டில் ரேழி, கூடம், முற்றம் தாண்டிக் கொல்லைக்குப் போக மூன்று, நான்கு நிலைப்படி குறுக்கே வரும். மஞ்சள் பூசிக் கோலம் போடும் நிலைப்படியை வெட்டச் சொல்ல யாருக்கும் மனசு வராது, வெட்டவும் வேண்டாம். 4 அங்குலப் படியானால் வாக்கரின் நான்கு கால்களையும் தூக்கி அந்தப் பக்கம் நிலையாக ஊன்றி, பலமான காலை முதலில் எடுத்து வைத்து ஏற வேண்டும். இறங்கும்போது வாக்கர், பலவீனமான கால், பலமான கால். முதல் சில நாள் ஒருவர் பக்கத்தில், சற்றுப் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்ளட்டும். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். நான்கைந்து படிக்கட்டு ஏறுவது வாக்கரின் வேலையே இல்லை.

அகலம் அடுத்த சிக்கல். வாக்கரின் கால்கள் தரையில் ஏறக்குறைய 55 முதல் 60 செ.மீ. வரை பரவி நிற்கும். கொல்லைக் கழிவறைக் கதவு பல வீடுகளில் 2 அடி, அதாவது 61 செ.மீ.தான், அதிலும் திறந்த கதவின் தடிமன் கொஞ்சத்தைத் தின்றுவிடும். வாங்கப் போகும்முன் கதவின் உள்ளளவை டேப் வைத்து எடுத்துக்கொண்டு போங்கள். இடித்தால் கதவைக் கழற்றிவிட்டுத் திரை கட்டுங்கள். உள்தாழ்ப்பாளும் இதோடு ஒழியும். பெரியவர் உள்ளே விழுந்தால் கதவை உடைக்க வேண்டிய நிலை வராது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கொல்லைச் சிமெண்டுத் தரை பாசி பிடித்து வழுக்கும். வண்டல் மண்ணில் வாக்கர் கால் புதைந்து, ரப்பர் புஷ்ஷின் பள்ளங்களில் களிமண் அடைத்துக்கொள்ளும். அடைத்த புஷ் சோப்புக்கட்டி மாதிரி சறுக்கும். தினமும் கழுவுங்கள். அடிவரிகள் தேய்ந்து சமமானால் மாற்றிவிடுங்கள். அளவு பல உண்டு, பழையதைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். பாதையில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, இரவுக்கு ஒரு பல்பும் போட்டுவிட்டால், இரண்டாயிரம் ரூபாய் வாக்கரை விட அது அதிகம் காப்பாற்றும்.

இனி கமோடு நாற்காலி. இரும்பில் குரோம் பூசியது விலை குறைவு, ஆனால் கழிவறை ஈரத்தில் வெல்டிங் இணைப்புகளில் முதலில் துரு ஏறும். அலுமினியமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்குங்கள். படுக்கை அருகே வாளியோடு வைப்பது முதல் சில வாரத்து இரவுகளுக்கு மட்டும் இருக்கட்டும். வாளியை இன்னொருவர் கொட்ட வேண்டியிருப்பதால், கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் நிறைய. உடம்பு வற்றி, சிறுநீர்த் தொற்று வந்து, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவதில் முடியும். வாளியை எடுத்துவிட்டு நம் ஊர் குந்தி உட்காரும் கழிவறைக்கு மேலேயே நாற்காலியைப் போடுவதுதான் சரியான உபயோகம். நான்கு காலும் ஒரே மட்டத்தில், பேசினுக்கு வெளியே ஊன்ற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மேடை கட்டி பேசின் பதித்த பழைய கழிவறைகளில் பின்கால் மேடையிலும் முன்கால் பள்ளத்திலும் நிற்கும். அங்கே இதை வாங்கிப் பயனில்லை.

இருக்கையின் உயரம் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரையுள்ள அளவை விட 2 அங்குலம் கூடுதலாக இருந்தால் எழுவது எளிது. இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு, டாக்டர் வேறு சொல்லாதவரை, இடுப்பு முழங்காலுக்குக் கீழே தாழக் கூடாது. உயரத்திலிருந்து தெறிக்கும் என்பது இதன் பெரிய குறை. அடி இல்லாத தடுப்பு வாளியைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்றைக் கடையில் யாரும் சொல்வதில்லை. உயர்ந்த இருக்கையிலிருந்து தரையில் உள்ள பக்கெட்டில் குனிந்து தண்ணீர் மொள்ளும்போதுதான் விழுகிறார்கள். கைக்கெட்டும் இடத்தில் கை ஷவர் வையுங்கள், முடியாவிட்டால் பக்கெட்டை ஸ்டூல் மேல் ஏற்றுங்கள். சுவரில் கைப்பிடி போடுவதானால் பழைய சுண்ணாம்புப் பூச்சைத் தாண்டி செங்கல்லில் இறங்கும் நீளமான திருகாணி வேண்டும். துண்டு மாட்டும் கம்பி ஆள் பாரம் தாங்காது. உறிஞ்சி ஒட்டும் கைப்பிடி சுண்ணாம்புச் சுவரில் நிற்காது, வாங்காதீர்கள்.

இந்த இரண்டை விடப் பெரியவரை மீட்கும் பொருள் வீட்டிலேயே இருக்கிறது: கை வைத்த மரநாற்காலி. நல்ல உடம்போடு இருக்கும் முதியவரையே 10 நாள் படுக்க வைத்தால் கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விடும். அதைத் திரும்பக் கட்டுவது உட்கார்ந்து எழும் பயிற்சி. 18 அங்குல உயரம் வேண்டும். குறைந்தால் அடியில் பலகை கொடுங்கள். குதிகாலை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து, கை ஊன்றி எழுந்து, மெதுவாக உட்காரட்டும். ஒரு தடவைக்கு 5, நாளைக்கு மூன்று வேளை. தொய்ந்த நார்க்கட்டிலிலிருந்து யாராலும் எழ முடியாது. அதன்மேல் பலகை போடுங்கள். தட்டைக் கட்டிலுக்கே கொண்டுபோவதை நிறுத்தி, சாப்பாட்டை அந்த நாற்காலிக்கு மாற்றினாலே மூன்று தடவை எழுந்தாகிவிடும். கஞ்சியும் ரசம் சாதமுமாகப் பத்தியம் வைத்தால் தசை வளராது. முட்டை, மீன், பருப்பு, பால் வேளைதோறும் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் அளவை டாக்டர் சொல்ல வேண்டும்.

பிசியோதெரபிக்குக் காசு கொடுத்து ஆள் வைக்க முடியாத வீடுகளுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிப் பெயர் கொடுங்கள். ஒரு வட்டாரத்தில் பல கிராமங்கள் இருப்பதால் பிசியோதெரபிஸ்ட் தினமும் வர முடியாது. வரும் நாளில் வாக்கர் உயரம், நிலைப்படி தாண்டுவது, கழிவறையில் உட்கார்ந்து எழுவது மூன்றையும் அந்தந்த இடத்திலேயே அவர் முன்னால் செய்து காட்டச் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு முட்டினாலோ, பேச்சு குழம்பினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு எப்போது மாறுவது என்பதையும் பிசியோவே சொல்லட்டும். தடியைப் பிடிப்பது பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். அதன் பிறகு வாக்கரைப் பரணில் போடாமல், தெருவில் அடுத்து டிஸ்சார்ஜ் ஆகி வருபவருக்குக் கொடுங்கள்; புஷ் நான்கையும் மாற்றி, அவர் மணிக்கட்டுக்கு உயரம் வைத்து.