எக்ஸ்ரேவா, எச்எல்ஏ-பி27-ஆ, எம்ஆர்ஐ-யா? முதுகெலும்பு அழற்சி வாதத்துக்கு எது கைகொடுக்கும்?

45 வயதுக்குள் தொடங்கி 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலி. பின்னிரவில் தூக்கம் கலைகிறது, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, படுத்திருந்தால் கூடி நடந்தால் குறைகிறது. இப்படிச் சொல்பவரிடம் டிஸ்க் கோளாறுக்கு முன்னால் அழற்சி வாதத்தை நினைக்க வேண்டும்.

எக்ஸ்ரே மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அழற்சி எலும்பை அரித்த பிறகுதான் அதில் தடம் தெரியும்; அதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். நோய் முற்றியவருக்கு அது போதும். வலி தொடங்கி ஓரிரு வருடமே ஆன இளைஞரை ‘நார்மல்’ எக்ஸ்ரேயை நம்பி அனுப்பிவிடக் கூடாது.

எச்எல்ஏ-பி27 என்ற மரபணு அடையாளத்துக்கான ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்தால் போதும். அது பாசிட்டிவாக உள்ள பெரும்பாலோருக்கு இந்த வாதம் வருவதே இல்லை. நெகட்டிவாக இருந்தும் சிலருக்கு வருகிறது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி நார்மல் என்பதும் நிம்மதிக்குக் காரணமாகாது.

ஆரம்ப நிலையில் எம்ஆர்ஐதான் சரி. ஆனால் எந்த எம்ஆர்ஐ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழ்முதுகை எடுக்கும் வழக்கமான ‘எல்எஸ் ஸ்பைன்’ ஸ்கேனில், முதுகெலும்பின் அடி இடுப்பெலும்போடு சேரும் சேக்ரோஇலியாக் மூட்டு முழுதாக விழாது. நோய் பெரும்பாலும் தொடங்குவதே அங்கேதான். ரிப்போர்ட்டில் ‘எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம்’ என்று வரும். வலியே இல்லாதவர்களிடமும் அது உண்டு. நோயாளி இடுப்பு பெல்ட்டோடு வீடு திரும்புவார்.

மருத்துவர்களே, ஸ்கேன் சீட்டில் இப்படி எழுதுங்கள்: ‘இரு சேக்ரோஇலியாக் மூட்டுகள், சாய்வு கொரோனல், டி1 மற்றும் ஸ்டிர், ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ் சந்தேகம்.’ கடைசிச் சொல் இந்த வாதத்தின் மருத்துவப் பெயர்; சாய்வு கொரோனல் என்பது மூட்டின் சாய்வை ஒட்டி எடுக்கும் கோணம்; டி1, ஸ்டிர் இரண்டும் எம்ஆர்ஐ படம் எடுக்கும் முறைகள். பொதுவாகக் கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை. ஸ்டிர் படத்தில் கொழுப்பு கறுத்துவிடுவதால், மூட்டை ஒட்டிய எலும்பு மஜ்ஜையின் நீர்க்கோப்பு வெள்ளையாகத் துலங்கும். டி1-ல் மூட்டோரக் கறுப்புக் கோடு அறுந்திருந்தால் அது அரிப்பு. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

எம்ஆர்ஐ மூட்டை மெல்லிய வெட்டுகளாகப் படமெடுக்கிறது; ஒரே வெட்டில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளியை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரு வெட்டில் இரண்டு இடத்திலோ, அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளிலோ இருக்க வேண்டும். பிரசவமான பெண்களிடமும் ஓட்டக்காரர்களிடமும் இதே நீர்க்கோப்பு வரும். அவர்களிடம் ஒரு ஸ்கேனை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்வது கடினம். முழு அளவு வலி மாத்திரை எடுப்பவரிடம் அது மங்கியும் போகலாம்.

நீர்க்கோப்பு ஒரு பக்க மூட்டில் மட்டும் இருந்து, அந்த வெள்ளை அருகிலுள்ள தசைக்குள்ளும் பரவியிருந்தால் முதலில் காசநோயைத் தேடுங்கள். அதை வாதம் என்று எண்ணி டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை முடக்கும் ஊசி போட்டால், காசநோய் உடலெங்கும் பரவிவிடக்கூடும்.