ராடு ஒட்டக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்: பளபளப்புக்கு அடியில் நான் பார்த்தது

ஒடிந்த தூண்டில் ராடை யாரிடமாவது ஒட்டக் கொடுக்கும் யோசனையில் இருந்தால், கையை விட்டுப் போவதற்கு முன் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். எனக்கு ராடும் போனது, பணமும் போனது, நான்கு மாதமும் போனது. ஆள் பெயரைச் சொல்லப் போவதில்லை. என்னிடம் இருக்கும் ஆதாரம் அரைகுறை, அந்தக் குறைக்குக் காரணமே நான் செய்யாமல் விட்ட ஒரு சின்ன வேலைதான், அதையும் சொல்கிறேன்.

ராடு ஒன்பது அடி, இரண்டு துண்டு, கார்பன் பிளாங்க், அதாவது ராடின் வெறும் குழாய். பிளாங்க் வாங்கி, ரீலைப் பொருத்தும் ரீல் சீட்டும் கார்க் பிடியும் ஒட்டி, தூண்டில் நூல் ஓடும் வளையங்களான கைடுகளை அரக்குச் சிவப்பு நூலில் சுற்றி, நண்பர் ஒருவர் எனக்காகவே வீட்டில் உட்கார்ந்து கட்டிக் கொடுத்தது. கைடு எல்லாமே சிலிக்கான் கார்பைடு என்ற கடினமான பீங்கான் வகை வளையம். அடித்துண்டில் இரண்டு, நுனித்துண்டில் ஆறு, அப்புறம் நுனியில் டிப் வளையம். ஆறு வருடம் ஒரு குறையும் சொல்லாமல் உழைத்தது. ஒரு நாள் காரில் வைக்கும்போது கதவு சாத்திக்கொண்டு, நுனியிலிருந்து இரண்டு அடி கீழே சடக்கென்று ஒடிந்தது. அதே அடியில் ஒரு கைடின் வளையத்திலும் விரிசல்.

நானே ஒட்டியிருக்கலாம். நானும் வீட்டில் இரண்டு மூன்று சின்ன ராடு கட்டியிருக்கிறேன், உள்ளே குச்சி வைத்து ஒட்டும் முறையும் தெரியும். ஆனால் நண்பர் கையால் கட்டிய ராடு, கைப்பழக்கம் போதாத நான் தொட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று பயந்து, வீட்டிலேயே ராடு கட்டி, பழுதும் பார்ப்பதாகச் சொன்ன ஒருவரிடம் போனேன். அவர் போட்டிருந்த படங்கள் அவ்வளவு அழகு. நூல் சுற்றெல்லாம் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்தது போல மின்னின. "நுனித்துண்டு மட்டும் கொடுங்க போதும், மூணு வாரத்தில் முடிச்சிடலாம்" என்றார். முழுப் பணமும் முன்கூட்டியே கேட்டார், கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் நான்கு மாதம் ஆனது. முதலில் பிசின் வரவில்லை, பிறகு மோட்டார் பழுது, பிறகு வீட்டில் விசேஷம். தாமதத்தை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். இது தனி ஆள் செய்கிற கைவேலை, நேரம் ஆகத்தான் செய்யும். வந்து சேர்ந்தபோது ராடு புத்தம் புதிதாக இருந்தது. ஒட்டின இடத்தில் கறுப்பு நூலில் கச்சிதமான சுற்று, மேலே தடிமனான பளபளப்பு. ஆறு கைடையும் புதிதாகச் சுற்றியிருந்தார். நான் சொன்னது விரிசல் விட்ட ஒன்றை மட்டும்தானே என்று கேட்டதற்கு, "நூல் நிறம் ஒத்துப்போகணும்ல, அதனால எல்லாத்தையும் சுத்திட்டேன், அதுக்குத் தனியா காசு வேண்டாம்" என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று மனசார நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது முறை தண்ணீருக்கு எடுத்துப் போனபோது ஒடிந்தது. பெரிய மீன் எதுவும் இல்லை, நடுத்தர எடைக் குண்டு கட்டி ஒரு வீச்சு, அவ்வளவுதான். ஒடிந்தது ஒட்டின இடத்தில் இல்லை. அதற்கு அரைச் சாண் கீழே, ஒரு கைடு சுற்றின் ஓரத்தில். போனில் சொன்னதும், "அதிக வெயிட் போட்டிருப்பீங்க, இல்ல மீனை ராடால தூக்கியிருப்பீங்க, கார்பன் அப்படித்தான் போகும்" என்று பதில். கார்பன் அப்படிப் போவது உண்மைதான். ராடை நெட்டுக்குத்தாக நிமிர்த்திப் பிடித்து மீனைத் தூக்கினால் நுனி ஒடியும், யாரும் மறுக்க முடியாது. ஆனால் நான் அப்படிச் செய்யவில்லை. அதனால் அன்று இரவு மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

முதலில் ஒட்டின இடம். ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டி நூலை உரித்ததும் இணைப்பு ஆடியது, கையால் இழுத்தேன், வந்துவிட்டது. உள்ளே வைத்திருந்தது ஏதோ பழைய ராடின் நுனியிலிருந்து வெட்டின துண்டு. குழாயின் உள்விட்டத்தை விட மெல்லியது, அதனால் மாஸ்கிங் டேப்பைச் சுற்றித் தடிமன் கூட்டியிருக்கிறார். நீளமோ மொத்தமே ஒன்றரை அங்குலம். அந்தப் பருமனுள்ள ராடுக்குப் பக்கத்துக்கு இரண்டு அங்குலமாவது உள்ளே போக வேண்டும், டேப் இல்லாமல் பிசின் மட்டும் இடையில் நிற்கும் அளவுக்கு இறுக்கமாக உட்கார வேண்டும், குச்சியின் இரண்டு முனையையும் கூராகத் தேய்த்திருக்க வேண்டும். தேய்க்காமல் வைத்தால் வளையும்போது குச்சி முடிகிற இடத்தில் விறைப்பு சட்டென்று அற்றுப்போகும், அடுத்த ஒடிவு அங்கேதான். ஒடிந்த விளிம்புகளைக்கூட அவர் சீவவில்லை, பிளந்த நார்கள் அப்படியே துருத்திக்கொண்டிருந்தன. வெளிநூல் அலங்காரத்துக்குச் சுற்றுவதில்லை. குழாய் வளையும்போது நசுங்கி நீள்வட்டமாகப் பார்க்கும், அப்படி நசுங்கிப் பிளக்காமல் இறுக்கிப் பிடிப்பது அந்தச் சுற்றுதான். உள்ளே வேலை சரியாக இருந்தால்தான் அது தாங்கும்.

அடுத்து கைடு சுற்றுகள். இதைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. உடைந்த இடத்துச் சுற்றைப் பிரித்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் பிளாங்க் மேல் தலைமுடி மாதிரி ஒரு கோடு, குறுக்காகப் பாதிச் சுற்றுக்கு. விரல் நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. பழைய நூலை எடுக்கும்போது பிளேடை நேராக பிளாங்க் மேலேயே வைத்து அறுத்திருக்கிறார். மற்ற ஐந்து கைடையும் பிரித்தேன், ஐந்திலும் அதே கோடு. இரண்டில் இரட்டைக் கோடு.

ராடு கட்டாதவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று புரியாமல் போகலாம். கார்பன் பிளாங்கில் பெரும்பாலான நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன, வளைவைத் தாங்குவதே அந்த நார்கள்தான். நுனித்துண்டில் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் குறுக்காக ஒரு கீறல் விழுந்தால் கீறல் பட்ட நார்கள் அந்த இடத்தில் அறுந்துபோகும். அன்றைக்கே ஒடியாது. பாரம் ஏறி இறங்கி, ஒரு நாள் ஒன்றுமில்லாத வீச்சில் போகும். சரியாக எடுக்கிற முறை ஒன்றும் மந்திரமில்லை: கைடின் உலோகக் காலுக்கு நேர் மேலே மட்டும் பிளேடை வைத்து நூலைச் சீவ வேண்டும், அப்போது பிளேடு உலோகத்தில்தான் உரசும், பிளாங்கைத் தொடவே தொடாது. பிறகு மிதமான சூடு காட்டினால் பிசின் இளகும், நூலும் பிசினும் நகத்தாலேயே உரிந்து வரும். சூடும் அளவோடுதான், அதிகம் போனால் பிளாங்கின் பிசினே கெட்டுப்போகும். ஒரு கைடுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். அந்தக் கால் மணி நேரம்கூட என் ராடுக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம்தான் இன்னொரு சந்தேகம் வந்தது. இலவசமாக எதற்கு ஆறையும் மாற்றிச் சுற்ற வேண்டும்? அடித்துண்டு வீட்டை விட்டுப் போகவே இல்லை அல்லவா, அதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடித்துண்டின் கைடுச் சட்டத்தில் தயாரித்தவர் பெயர் பொறித்திருக்கிறது. நுனித்துண்டுக் கைடுகளில் எதிலும் ஒரு எழுத்தும் இல்லை. பஞ்சு சுற்றிய காதுக்குச்சியை அடித்துண்டின் வளையத்துக்குள் விட்டுச் சுழற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, நுனித்துண்டில் இரண்டு கைடில் பஞ்சு சிக்கி நூலாக இழுத்தது. இரண்டே முறை பிரெய்டு, அதாவது பின்னல் தூண்டில் நூல், ஓடியதற்கு உள்விளிம்பில் மெல்லிய பள்ளம் விழுந்துவிட்டது. நல்ல சிலிக்கான் கார்பைடில் இவ்வளவு சீக்கிரம் அப்படி விழாது. கறுப்பாக இருப்பதெல்லாம் சிலிக்கான் கார்பைடு இல்லை, அலுமினியம் ஆக்சைடு வளையமும் கறுப்பு நிறத்தில் வரும், அதையும் விட மட்டமானதும் வரும். கண்ணுக்குத் தெரியாது, பஞ்சுக்கும் பிரெய்டுக்கும் தெரியும்.

"என் ஆறு கைடையாவது திருப்பிக் கொடுங்க" என்று கேட்டேன். "உங்க ராடுல என்ன இருந்துச்சோ அதைத்தான் திரும்பச் சுத்தினேன்" என்றார். கொடுக்கும் முன் நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. பழைய படம் ஒன்றில் ராடு தெரிகிறது, ஆனால் கைடில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு மங்கல். அதற்கு மேல் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து என் எண்ணைத் தடுத்துவிட்டார். என் ராடின் பளபளப்பான படம் மட்டும் இன்னமும் அவருடைய வேலைகளில் ஒன்றாக இருக்கிறது.

அதனால் சொல்கிறேன், யாரிடம் கொடுத்தாலும் சரி, தெரிந்தவரோ தெரியாதவரோ, கொடுக்கும் முன் ஒவ்வொரு கைடையும் கிட்டே வைத்துப் படம் எடுங்கள், சட்டத்தில் உள்ள எழுத்து தெரிய வேண்டும், ஒடிந்த விளிம்பும் தெரிய வேண்டும். முழுப் பணத்தை முதலில் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், மேல்பூச்சு பூசுவதற்கு முன் படம் அனுப்பச் சொல்லுங்கள்: உள்ளே வைக்கப்போகும் குச்சி வெளியே கிடக்கும்போது ஒன்று, அதைப் பாதி நுழைத்து வைத்து ஒன்று, நூல் சுற்றி இன்னும் பிசின் படாதபோது ஒன்று. வேலை தெரிந்தவருக்கு இது பத்து நிமிடப் பாடு, தன் வேலையைக் காட்டச் சந்தோஷப்படுவார். இழுத்தடித்தால் ராடைத் திரும்ப வாங்கிவிடுங்கள். பூச்சு ஏறியபின் நல்ல வேலையும் கெட்ட வேலையும் ஒரே மாதிரிதான் மின்னும்.

பூச்சு தடிமனாக இருப்பதும் தரத்துக்கு அடையாளம் இல்லை, நானும் அப்படி நினைத்தவன்தான். முதல் பூச்சு மெல்லியதாக, நூலுக்குள் ஊறிப் போகும்படி இருக்க வேண்டும். என் ராடில் மேலே கெட்டி, உள்ளே நகம் வைத்தால் பதிகிற பிசுபிசுப்பு. இரண்டு பகுதிப் பிசினைச் சம அளவில் கலக்காவிட்டாலோ, போதுமான நேரம் கலக்காவிட்டாலோ அப்படி ஆகும், எத்தனை நாள் காத்திருந்தாலும் இறுகாது. கொள்ளளவில் சமம் என்று சொன்னதை எடையில் சமமாக எடுத்தாலும் தப்பு, இரண்டுக்கும் அடர்த்தி வேறு. அதனால்தான் தனித்தனி ஊசிக்குழாயில் அளக்கிறோம்.

என் நுனித்துண்டைக் காப்பாற்ற வழி இல்லை. ஒரு ஒடிவு என்றால் ஒட்டலாம். ஆறு இடத்தில் கீறல் விழுந்ததை என்ன செய்வது, ஒன்றைச் சரி செய்தால் அடுத்தது காத்திருக்கிறது. வேறு பிளாங்கின் நுனியை வாங்கிப் பழைய அடியில் பொருத்தலாமா என்று பார்த்தேன், இணைப்பின் சரிவு ஒத்துவரவில்லை, இறுக்கமாக உட்காராமல் ஆடியது. கடைசியில் புது பிளாங்க் வாங்கி நானே கட்டத் தொடங்கினேன். பழைய அடித்துண்டின் இரண்டு கைடையும் காலுக்கு மேலே சீவி, சூடு காட்டி, ஒரு கீறல் இல்லாமல் எடுத்தேன். ரீல் சீட்டும் பழையதுதான், நண்பர் ஒட்டினது. கார்க் பிடி கழற்றும்போது உதிர்ந்துவிட்டது, அதில்தான் கொஞ்சம் வருத்தம்.

கைடுகளை முதலில் டேப்பால் ஒட்டி, தூண்டில் நூலை ஓட்டி, நுனியில் எடை கட்டி வளைத்துப் பார்த்தேன். நான்காவது கைடு அருகே நூல் பிளாங்கை உரசியது, ஒரு விரல்கடை தள்ளினேன், சரியானது. பிறகு அரக்குச் சிவப்பு நூலிலேயே சுற்றினேன். நேற்று இரவு முதல் பூச்சு கொடுத்து, வழியாமல் இருக்க மெதுவாகச் சுழலும் மோட்டாரில் மாட்டி வைத்தேன். காலையில் தொட்டுப் பார்த்ததில் ஒட்டவில்லை. இன்னொரு பூச்சு பாக்கி இருக்கிறது, அது முழுதாக இறுக ஒரு வாரம் விடப்போகிறேன், அதுவரை தண்ணீர்ப் பக்கம் எடுத்துப் போக மாட்டேன்.